சேரியும் சோதனைச்சாலையும்: சில குறிப்புகள்

தலித்துகளின் கல்வி வரலாறு என்று நம்மிடையே எழுதப்பட்டிருப்பவை பெரும்பாலும் எழுத்தறிவின் வரலாறாகவே இருக்கின்றன. எந்த ஆண்டில் எந்தச் சேரியில் பள்ளிக்கூடம் திறந்தார்கள், யார் இடம் கொடுத்தார்கள், யார் தடுத்தார்கள், முதலில் மெட்ரிகுலேஷன் தேறியவர் யார், முதல் பட்டதாரி யார் என்றெல்லாம் தேடித் தேடி எழுதுகிறோம். 1991இல் வந்த அம்பேத்கர் நூற்றாண்டை ஒட்டி வேகம் பிடித்த இந்தத் தேடலால்தான் அயோத்திதாசரும் இரட்டைமலை சீனிவாசனும் எம்.சி.ராஜாவும் சுவாமி சகஜானந்தரும் நம் கைக்குத் திரும்பக் கிடைத்தார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒரு கேள்வி விடுபட்டே வந்திருக்கிறது. சேரிப் பிள்ளை எப்போது முதன்முதலாக ஒரு சோதனைச்சாலைக்குள் நுழைந்தது? மேசைமேல் இருந்த கருவியை எப்போது தன் கையால் தொட்டது? தொட்ட பிறகு அந்தப் பிள்ளைக்கு என்ன ஆயிற்று?

தமிழ் எம்.ஏ. படித்தவள் இதையெல்லாம் ஏன் கேட்கிறாள் என்று சிலருக்குத் தோன்றலாம். காரணம் இருக்கிறது. உளுந்தூர்பேட்டைப் பக்கம் பள்ளிக்கூட விழாக்களில் இப்போது 'தன்னம்பிக்கைப் பேச்சாளர்' ஒருவரைக் கூப்பிடுவது வழக்கமாகிவிட்டது. அவர் கோட்டு போட்டுக்கொண்டு வருகிறார். மைக்கைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு மேடையில் அங்கும் இங்கும் நடக்கிறார். 'உன்னால முடியும்னு நீ மொதல்ல நம்பணும்' என்கிறார். பிள்ளைகளைக் கண்ணை மூடச் சொல்கிறார், அம்மா அப்பாவை நினைத்து அழச் சொல்கிறார், பிள்ளைகளும் அழுகிறார்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைகளிடம், அதிலும் குறிப்பாக நம் பிள்ளைகளிடம், இல்லாதது நம்பிக்கைதானாம். சோகை பிடித்த பிள்ளைக்கு வாராவாரம் இரும்புச்சத்து மாத்திரை கொடுப்பதுபோல வருஷத்துக்கு ஒரு பேச்சு கொடுத்தால் அது ஊறிவிடுமாம். அந்த நம்பிக்கை எங்கே போனது, யார் எடுத்தார்கள் என்று அவர் கேட்பதில்லை. கேட்டால் அடுத்த விழாவுக்குக் கூப்பிடமாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம். 1891இல் செங்கல்பட்டு கலெக்டர் பொறுப்பிலிருந்த திரமென்ஹீர் பறையர்களின் நிலைமை குறித்து எழுதிய அறிக்கைக்குப் பிறகுதான் சென்னை அரசாங்கம் சற்றே அசைந்தது. 1893 பிப்ரவரியில் பஞ்சமர் கல்விக்கென்று அரசாணை வந்தது. பள்ளி கட்டப் புறம்போக்கு நிலம், ஆசிரியர் பயிற்சிக்கு உதவி என்று சில சலுகைகள் அதில் இருந்தன. 1894இல் ஆல்காட் சென்னையில் தன் முதல் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் திறந்தார். நம் தென்னார்க்காடு மாவட்டத்தில் (உளுந்தூர்பேட்டை 1993 வரை தென்னார்க்காட்டில்தான் இருந்தது, பிறகு விழுப்புரம், 2019 முதல் கள்ளக்குறிச்சி) சுவாமி சகஜானந்தர் 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியைத் தொடங்கினார். எந்தக் கோயில் வாசலில் நந்தனை நெருப்பில் இறக்கினதாகப் புராணம் சொல்கிறதோ அதே ஊரில் அவன் பெயரிலேயே ஒரு பள்ளிக்கூடம். சுற்று வட்டாரச் சேரிகளிலிருந்து பிள்ளைகள் தகரப் பெட்டியோடு அங்கே போய்த் தங்கிப் படித்தார்கள். 1920களில் தொழிலாளர் துறையின் பள்ளிகள் வந்தன. இன்றைய ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளுக்கு முப்பாட்டன் அவைதாம்.

இந்தத் தொடக்கப் பள்ளிகளில் பெரும்பாலானவற்றில் எழுத்தும் கணக்கும் இருந்தன, பிரார்த்தனை இருந்தது. அதற்கு மேலே என்றால் நெசவு, தச்சு, தையல் என்று கைத்தொழில். சேரிப் பிள்ளைக்கு எதற்குக் கைத்தொழில் பள்ளிக்கூடம், அதன் பரம்பரையே கையால் உழைத்த பரம்பரைதானே என்று அன்றைக்கு யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. தோல் பதனிடத் தெரிந்தவனுக்குச் சுண்ணாம்பும் ஆவாரம்பட்டையும் தோலுக்குள் என்ன செய்கின்றன என்பது கையில் தெரியும். அதற்கு வேதியியல் என்று பெயரிருப்பதையும், அந்தப் பெயரோடு வந்தால் சம்பளமும் நாற்காலியும் கிடைக்கும் என்பதையும் அவனுக்கு யாரும் சொல்லவில்லை. கை நம்முடையதாகவும் அதன் அறிவு வேறொருவருடையதாகவும் பிரிக்கப்பட்டிருந்தது. சாதியின் வேலைப் பிரிவினை என்று நாம் மேடையில் பேசுவதன் பள்ளிக்கூட வடிவம் இது.

பம்பாய் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் சிறுவன் அம்பேத்கருக்கு நேர்ந்ததை நாமெல்லோரும் படித்திருக்கிறோம். ஆசிரியர் ஒரு கணக்கைப் போடச் சொல்லிக் கரும்பலகைக்கு அழைக்கிறார். உடனே வகுப்பே எழுந்து ஓடுகிறது. கரும்பலகைக்குப் பின்னால்தான் மற்ற பிள்ளைகள் சோற்று டப்பாக்களை வைத்திருக்கிறார்கள், இவன் பலகையைத் தொட்டால் சோறு தீட்டாகிவிடும். டப்பாக்களை எடுத்த பிறகுதான் அவர் கணக்கைப் போட முடிந்தது. இதைத் தீண்டாமைக் கொடுமைக்குச் சான்றாக எல்லோரும் சொல்வார்கள், நானும் சொல்லியிருக்கிறேன். எனக்கு இன்றைக்கு வேறொன்றும் படுகிறது. அந்தப் பிள்ளை கணக்கில் கெட்டி என்பது ஆசிரியருக்குத் தெரிந்திருந்தது. பலகைக்குப் போகிற பத்தடி தூரம்தான் பிரச்சினையாக இருந்தது. அந்தப் பத்தடியில் வந்த நடுக்கத்தைத்தான் பின்னால் வந்தவர்கள் 'தன்னம்பிக்கை இல்லாமை' என்று பெயர் மாற்றி நம் கணக்கிலேயே எழுதிவிட்டார்கள்.

அதே அம்பேத்கர் 1942 ஜூலையில் வைசிராயின் நிர்வாக சபையில் உறுப்பினரானார். அந்த ஆண்டு அக்டோபரில் தாழ்த்தப்பட்டோர் குறைகளைப் பற்றி கவர்னர் ஜெனரலுக்கு ஒரு மகஜர் கொடுத்தார். அரசியல் கோரிக்கைகளுக்காக அதைப் படிப்பவர்கள் கல்விப் பகுதியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அதில் அவர் சொல்வதன் சாரம் இது: கலைப் படிப்பும் சட்டப் படிப்பும் தாழ்த்தப்பட்டோருக்குப் பெரிய பலனைத் தராது, அறிவியலிலும் தொழில்நுட்பத்திலும் உயர்படிப்பே அவர்களைத் தூக்கிவிடும், ஆனால் அதற்கு ஆகும் செலவு அவர்கள் சக்திக்கு அப்பாற்பட்டது, அதனால்தான் பிள்ளைகளைக் கலைக்கும் சட்டத்துக்கும் அனுப்புகிறார்கள், அரசு பணம் கொடுக்காமல் இந்தக் கதவு அவர்களுக்கு ஒருபோதும் திறக்காது. இங்கே அறிவியல் படிக்க ஆண்டுக்கு 2 லட்சமும் வெளிநாடு போய்ப் படிக்க 1 லட்சமும் கேட்டார். அரசு அச்சகங்களிலும் ரயில்வே பட்டறைகளிலும் நம் பிள்ளைகளைப் பயிற்சிக்கு எடுக்கச் சொல்லிக் கேட்டார். மெட்ரிகுலேஷனுக்கு மேல் படிக்கும் தாழ்த்தப்பட்ட மாணவர்களுக்கான மத்திய அரசு உதவித்தொகை 1944இல் தொடங்கியதற்குப் பின்னால் இந்த மகஜர் இருக்கிறது. ஸ்காலர்ஷிப் என்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோமே, அதன் பிறப்பிலேயே சோதனைச்சாலை இருக்கிறது. 1946இல் பம்பாயில் அவர் தொடங்கிய சித்தார்த்தா கல்லூரியும் கலை, அறிவியல் இரண்டுக்குமானதுதான்.

எழுதியவர் யார் என்பதையும் பார்க்க வேண்டும். அவர் படித்தது பொருளாதாரமும் சட்டமும். தான் ஏறிவந்த ஏணி எல்லோருக்கும் போதாது என்று ஏறினவரே சொல்கிறார். தமிழ் படித்த எனக்கு அது கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது.

தமிழ்நாட்டில் 1978இல் மேல்நிலைக் கல்வி வந்தது. அதுவரை கல்லூரியில் பி.யு.சி.யாக இருந்தது ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கே பிளஸ் டூவாக இறங்கி வந்தது. இது நமக்குப் பெரிய காரியம். கடலூருக்கோ விருத்தாசலத்துக்கோ போய் விடுதியில் தங்க வேண்டியதை உள்ளூரிலேயே படிக்கலாம். ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு பியூரெட்டும் பிப்பெட்டும் ஸ்குரூ கேஜும் வந்து சேர்ந்தன. ஆனால் கூடவே 'குரூப்' என்று ஒன்றும் வந்தது. கணிதம், இயற்பியல், வேதியியல் இருப்பது ஃபர்ஸ்ட் குரூப். வரலாறு, பொருளாதாரம் என்றால் தேர்டு குரூப். சட்டத்தில் எங்கேயும் சாதி எழுதப்படவில்லை. ஜூன் மாதம் ஹெட்மாஸ்டர் அறை வாசலில் நின்று பார்த்தவர்களுக்கு அது எப்படி எழுதப்படுகிறது என்று தெரியும்.

நான் பிளஸ் ஒன் சேரப் போனது 2004இல். பள்ளியின் பெயர் வேண்டாம். பத்தாம் வகுப்பில் 387 மார்க், கணக்கில் 86. உள்ளே உட்கார்ந்திருந்த ஆசிரியர் மார்க் ஷீட்டைப் பார்த்தார், சாதிச் சான்றிதழைப் பார்த்தார். "ஏம்மா, ஒனக்கு எதுக்கு ஃபர்ஸ்ட் குரூப்பு? பிராக்டிகல் எல்லாம் இருக்கும், கஷ்டப்படுவ. ரெக்கார்டு நோட்டு, டியூஷனுன்னு செலவு வேற. ஹிஸ்டரி குரூப்பு எடு, ஈஸியா பாஸ் பண்ணிடலாம். ஒங்களுக்குத்தான் ஸ்காலர்ஷிப் வருமே" என்றார். திட்டவில்லை, முகம் சுளிக்கவில்லை, அன்பாகத்தான் சொன்னார். அப்பா கையைக் கட்டிக்கிட்டு நின்னுக்கிட்டிருந்தார். "சார் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். வகுப்புக்குப் போனால் முக்கால்வாசிப் பேர் எங்க காலனியும் பக்கத்துக் காலனியும். ஃபர்ஸ்ட் குரூப் வகுப்பு மாடியில் இருந்தது. அங்கே முக்கால்வாசி ஊர்த்தெரு. இரண்டு வருஷம் அந்த லேபுக்கு வெளியே இருந்த குழாயில் தண்ணி பிடித்திருக்கிறேன், உள்ளே போனதில்லை.

என் சித்தப்பா மகள் போனாள். என்னைவிட ஒரு வயசு சின்னவள், படித்தது வேறு ஊரில். சித்தப்பா ரயில்வேயில் கேங்மேன். "எம்பொண்ணு தண்டவாளத்துல சுத்தியால தட்டக்கூடாது, அது ஏன் வெயில்ல நீளுதுன்னு தெரிஞ்சுக்கணும்" என்று அந்தப் பள்ளியில் ஒற்றைக்காலில் நின்று சேர்த்துவிட்டார். அவள் சொன்னதை அவள் வார்த்தையிலேயே தருகிறேன்:

"மொதல்ல பயமாத்தான் இருந்துச்சுக்கா. பிப்பெட்டுன்னு ஒரு கண்ணாடிக் குழாயி. ஒரு முனைய கரைசல்ல வெச்சுட்டு இன்னொரு முனைய வாயில வெச்சு உறிஞ்சணும். கோட்டுக்கு மேல வந்ததும் வெரலால மூடி, மெல்ல வுட்டு, கோட்டுல நிறுத்தணும். நாலு பேருக்கு ஒரு பிப்பெட்டு. என் பேட்ச்சுல எனக்கு அடுத்தவ ஊர்த்தெரு. அவங்க வூட்டு நெலத்துலதான் எங்கம்மா களை எடுக்கப் போவும். தண்ணி கேட்டா குனியச் சொல்லி கையில ஊத்துவாங்க. நான் உறிஞ்சி முடிச்சுட்டு குழாய அவகிட்ட நீட்டுனேன். அவ என்னையப் பார்த்தா, குழாயப் பார்த்தா. மிஸ்ஸு 'என்னாடி வேடிக்கை, டைம் ஆவுது'ன்னு கத்துனாங்க. கழுவிட்டு வாயில வெச்சுக்கிட்டா. எல்லாருந்தான் கழுவுவோம், அவ ஆசிடுக்காகக் கழுவுனாளா எனக்காகக் கழுவுனாளான்னு இன்னிக்கி வரைக்கும் தெரியல. ஆனா ரீடிங்கு எனக்கும் அவளுக்கும் ஒண்ணுதான் வந்துச்சு. மிஸ்ஸு ரெண்டு நோட்டுலயும் டிக்கு போட்டாங்க. அன்னிக்கி வூட்டுக்கு வந்து சோறு நெறயத் தின்னேன்."

பொட்டாசியம் பெர்மாங்கனேட் சொட்டுச் சொட்டாக இறங்கும். கடைசிச் சொட்டில் கரைசல் வெளிர் சிவப்பாகி அப்படியே நிற்கும். அந்தச் சொட்டு எப்போது விழும் என்பதை ஊர் பார்த்தோ தெரு பார்த்தோ அது தீர்மானிப்பதில்லை. 20 மில்லி என்றால் யார் வாய் வைத்து எடுத்தாலும் 20 மில்லி. இதைப் பாடமாகச் சொன்னால் ஒருவருக்கும் உறைக்காது. தன் கையில், தன் கண் முன்னால், நாலு பேர் பார்க்க நடந்தால் அது உடம்பில் இறங்குகிறது. இந்தப் பெண் இப்போது ஓர் அரசு மருத்துவமனையில் லேப் டெக்னீஷியன். ஊர்த்தெரு ஆட்கள் சட்டைக் கையை மடித்துவிட்டு அவள் முன்னால் நீட்டுகிறார்கள். (வாயால் உறிஞ்சுவது ஆபத்து என்று ரப்பர் குமிழ் வைத்துப் பழக்குகிறார்கள் இப்போது. உடம்புக்கு நல்லதுதான்.)

சோதனைச்சாலையைச் சாதி இல்லாத சொர்க்கம் என்று நான் எழுத வரவில்லை. 2018 வரையில் ஒவ்வொரு அறிவியல் பாடத்துக்கும் 200க்கு 50 மார்க் செய்முறைத் தேர்வில்தான் இருந்தது. விடைத்தாளில் பெயர் தெரியாது, செய்முறையில் முகம் தெரியும். எந்தத் தெரு என்று தெரியும். அந்த மார்க்கைக் காட்டிப் பிள்ளைகளைக் கைக்குள் வைத்திருந்தவர்கள் இருக்கிறார்கள், பெண் பிள்ளைகள் சொல்லும் கதைகள் தனி. கருவி பேதம் பார்க்காது, கருவிக்குப் பக்கத்தில் நிற்கிறவர் பார்ப்பார். இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இது நமக்கு மட்டும் நேர்ந்ததல்ல. அமெரிக்காவில் பாப் மோசஸ் என்றொரு கறுப்பினப் போராளி இருந்தார். கணக்கு வாத்தியார். 1961இல் மிசிசிப்பிக்குப் போய், ஓட்டுரிமை இருந்தும் பட்டியலில் பெயரில்லாத கறுப்பின மக்களை வாக்காளர்களாகப் பதிவு செய்யும் வேலையில் இறங்கினார். அடி வாங்கினார், சிறைக்குப் போனார். இருபது ஆண்டு கழித்து, 1982இல், அவர் கையிலெடுத்தது அல்ஜீப்ரா. பள்ளிக்கூடங்களில் கறுப்பினப் பிள்ளைகளை 'உனக்கு இது வராது' என்று கீழ்நிலைக் கணக்கு வகுப்புக்கு ஒதுக்கிவிடுகிறார்கள், அல்ஜீப்ரா படிக்காத பிள்ளைக்குக் கல்லூரி அறிவியல் மூடிக்கொள்கிறது, அறுபதுகளில் ஓட்டு எதுவோ அதுதான் இன்றைக்கு அல்ஜீப்ரா என்பது அவர் வாதம். 2021இல் சாகும் வரை அதே வேலையாக இருந்தார். வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்த்தவருக்கும் வகுப்பறைக் கரும்பலகையில் சமன்பாடு எழுதியவருக்கும் நடுவே அவர் எந்த வித்தியாசத்தையும் காணவில்லை. நம் இயக்கங்களோ ஓட்டையும் சிலையையும் கையில் எடுத்த அளவுக்கு ஃபர்ஸ்ட் குரூப்பைக் கையில் எடுக்கவில்லை.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் தலித்துகள், கூலிகள். முதல் நாள் அது சாராயச் சாவே இல்லை என்றுகூடச் சொல்லப்பட்டது. அந்த வாரம் உளுந்தூர்பேட்டைப் பக்கம் ஒரு காலனியில் நாங்கள் நடத்தும் இரவுப் பள்ளியில் அதைப் பற்றித்தான் பேச்சு. பெரியவர் ஒருவர், "நாங்களும் முப்பது வருஷமா குடிக்கறம், ஒண்ணும் ஆவலையே, இவனுங்களுக்கு மட்டும் எப்பிடி" என்றார். பிளஸ் டூ அறிவியல் படிக்கிற பெண் எழுந்து பலகைக்குப் போனாள். "தாத்தா, நீங்க குடிச்சது எத்தனாலு, அதுல கார்பன் ரெண்டு. இது மெத்தனாலு, கார்பன் ஒண்ணு. வாசனையில கண்டுபிடிக்க முடியாது. கல்லீரல் இத ஃபார்மால்டிஹைடா மாத்தும், அப்புறம் ஃபார்மிக் அமிலமா மாத்தும். அந்த அமிலந்தான் கண்ணு நரம்பப் புடிக்கும். அதான் மொதல்ல கண்ணு தெரியலன்னாங்க. ஒடனே ஆஸ்பத்திரி போனா மாத்து மருந்து இருக்கு, அன்னிக்கே போவணும்." படமும் போட்டுக் காட்டினாள். பெரியவர், "இன்னொருக்கா சொல்லு பாப்பா" என்றார். எங்க பக்கம் அறுபது வயசு ஆம்பள ஒரு பதினேழு வயசுப் பெண்ணிடம் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. எந்தப் பேச்சாளரும் அவளைக் கண்ணை மூடச் சொல்லவில்லை. அவளுக்கு ஒரு விஷயம் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

இப்போது அரசும் இதில் சில காரியங்கள் செய்கிறது. 2021-22இல் தொடங்கிய அரசு மாதிரிப் பள்ளிகள் அரசுப் பள்ளிப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து விடுதியில் வைத்து உயர்படிப்பு நுழைவுத் தேர்வுகளுக்குப் பழக்குகின்றன. கல்வராயன் மலையில் வெள்ளிமலையில் ஏகலைவா உண்டு உறைவிடப் பள்ளி இருக்கிறது. (கட்டை விரலைக் கேட்டு வாங்கியவனை விட்டுவிட்டு, கொடுத்தவன் பெயரைப் பள்ளிக்கு வைக்கிறார்கள். போகட்டும்.) அதே மலையின் சேலம் பக்கம், கருமந்துறை அரசு பழங்குடியினர் பள்ளியில் படித்த ஒரு மாணவி 2025இல் சென்னை ஐ.ஐ.டி.க்குத் தேர்வானார். பத்திரிகைகள் அதைச் 'சாதனை' என்று கொண்டாடின. எத்தனையோ தலைமுறையாக அந்த மலையிலிருந்து யாரும் போகாததற்குப் பெயர் என்ன என்று எந்தத் தலைப்பும் கேட்கவில்லை. பொறுக்கி எடுத்த சில பிள்ளைகளுக்கு நல்ல லேப் கிடைப்பது நல்லதுதான். மிச்சமிருக்கிற பிள்ளைகளின் ஊர்ப் பள்ளியில் ஃபர்ஸ்ட் குரூப் ஆசிரியர் இருக்கிறாரா என்பதுதான் என் கேள்வி.

நம்பிக்கை வந்துவிட்டால் எல்லாம் வந்துவிடும் என்பதும் பொய். அரியலூர் மாவட்டம் குழுமூர் அனிதாவிடம் எது குறைந்தது? மூட்டை தூக்கும் தொழிலாளி மகள், 1200க்கு 1176, மருத்துவத்துக்கு 196.75 கட் ஆஃப். உச்ச நீதிமன்றம் வரை போய் நின்ற பெண்ணிடம் தன்னம்பிக்கை பற்றாது என்று யார் சொல்ல முடியும்? 2007இல் நாம் மூடின நுழைவுத் தேர்வுக் கதவை 2017இல் நீட் என்ற பெயரில் டெல்லியிலிருந்து திறந்து வைத்தார்கள். அந்தச் செப்டம்பர் 1ஆம் தேதி அவள் போய்விட்டாள். அதற்கு முந்தின ஆண்டு ஐதராபாத்தில் ரோஹித் வெமுலா போனார். கார்ல் சாகனைப்போல அறிவியல் எழுத்தாளனாக விரும்பியவர் அவர். 2020இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவத்தில் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்கு அனிதாவின் சாவு காரணமில்லை என்று யாரும் சொல்ல முடியாது. சோதனைச்சாலை ஒரு பிள்ளையை நிமிர வைக்கும். நிமிர்ந்தவர் தலையில் இடிப்பதற்கு நிலைப்படியைத் தாழ்த்துகிறவர்கள் இருக்கிறார்கள். 2023இல் நாங்குநேரியில் நன்றாகப் படித்த ஒரு பையனை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அவன் நிமிர்ந்ததுதான் குற்றம்.

2023 மார்ச் நிதிநிலை அறிக்கையில் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளைப் பள்ளிக் கல்வித் துறையோடு இணைப்பதாக அறிவித்தபோது நம்மவர்கள் இரண்டாகப் பிரிந்து நின்றார்கள். தனியாக இருந்தால் ஒதுக்கல், சேர்த்தால் நிலமும் பணியிடமும் போய்விடும் என்று இரு தரப்பிலும் நியாயம் இருந்தது. அந்த விவாதத்தில் நான் கேட்ட பேச்சுகளிலும் படித்த துண்டறிக்கைகளிலும் 'ஆய்வகம்' என்ற சொல் ஓரிடத்தில்கூட வரவில்லை.

ஆகவே எங்கள் அமைப்பில் ஒரு வேலை எடுத்திருக்கிறோம். உளுந்தூர்பேட்டை வட்டாரத்தில் மேல்நிலைப் பள்ளி ஒவ்வொன்றுக்கும் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுகிறோம். கடந்த ஐந்து ஆண்டுகளில் ஃபர்ஸ்ட் குரூப்பில் சேர்ந்தவர்களில் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் எத்தனை பேர். தேர்டு குரூப்பில், தொழிற்கல்விப் பிரிவில் எத்தனை பேர். இயற்பியல், வேதியியல் ஆசிரியர் பணியிடம் எத்தனை மாதம் காலியாக இருந்தது. லேபுக்கு வாங்கிய சாமான் பட்டியல் என்ன, சாவி யாரிடம் இருக்கிறது. ஜூன் மாதம் சேர்க்கையின்போது எங்கள் ஆட்கள் இரண்டு பேர் பள்ளி வாசலில் நிற்பார்கள். கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற அப்பாக்களோடு அவர்களும் உள்ளே போவார்கள். மற்ற மாவட்டத் தோழர்களும் இதே கேள்விகளைப் போட்டு, வருகிற பதிலை இந்த இதழின் முகவரிக்கு அனுப்புங்கள். பதில் வராவிட்டால் அதையும் எழுதி அனுப்புங்கள்.